எல்லாரும் பார்க்கட்டும் என்று போட்டேன்

எனக்கு வாய் நீளம். கிள்ளான் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கணினி அறைச் சாவி என்னிடம் இருப்பதால், பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லித் தருவதும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சும்மா சொல்கிறேன், எனக்கு அதில் கொள்ளை ஆசை. "முழுப்பெயர் கொடுக்காதே, குடியிருக்கும் தாமான் பெயர் சொல்லாதே, படம் போடாதே" என்று மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன். ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில், மகள் ஆடிய காணொளியை ஊரே பார்க்க விட்டு வைத்த ஒரு தாயை, "படிச்சவங்கதானே நீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் மகளும் அதே பள்ளியில்தான் ஆறாம் ஆண்டு படித்தாள். அந்த வருஷம் பெரிய பிள்ளையானாள். ஒரே பெண்ணாயிற்றே, மண்டபம் எடுத்துச் சடங்கு வைத்தோம். நம் ஆட்களை அழைப்பது இருக்கிறதே, அது பெரிய தலைவலி. செமினியில் இருக்கும் என் நாத்தனாருக்குச் சொல்லிவிட்டு ஷா ஆலம் சித்தப்பாவுக்கு ஒருநாள் தள்ளிச் சொன்னால் போச்சு, பத்து வருஷத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதனால் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அழைப்பிதழைக் கைப்பேசியிலேயே செய்து, முகநூலில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிட்டேன். "எனக்குச் சொல்லலையே" என்று இனி யார் வாய் திறக்கிறார்கள் பார்ப்போம்!

அதில் பட்டுப்புடவையில் மகள் படம், முழுப்பெயர், அதன் கீழே வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர். தாய்மாமன் சீர் முதலில் வீட்டுக்கு வந்துதான் மண்டபத்துக்குப் புறப்படும் என்பதால் வீட்டு எண், சாலை, தாமான், நேரம். எதையும் விடவில்லை.

"போடாதீங்கம்மா. என் கிளாஸ் பசங்கல்லாம் பார்ப்பாங்க" என்றாள் மகள்.

"பார்த்தா என்ன? திருடிட்டா வந்தோம்? நல்ல காரியம்தானே. சும்மா இரு லா."

சடங்கன்று நலங்கு வைத்ததை நேரலையிலும் விட்டேன். அவள் தலையே தூக்கவில்லை. "இங்க பாரு, சிரி" என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். பாராட்டு வந்து குவிந்தது. யாரென்றே தெரியாத ஒரு ஆள் ஒவ்வொரு படத்துக்கும் இதயம் போட்டிருந்தான். வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தமாக இருக்கும் என்று நினைத்து, "நன்றி அண்ணே" என்று பதில் எழுதினேன். அட என் புத்தியே!

அடுத்த வாரம் பள்ளியில் என் வகுப்பு. பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று ஒரு பிஸ்கட் டின் வைத்திருப்பேன். பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம், நான் எடுத்து உரக்கப் படிப்பேன். அன்று ஒரு சீட்டில், "நம் படத்தை அம்மாவே போட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று இருந்தது. படித்து முடித்த பிறகுதான் கையெழுத்தைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் என் மகள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்ட அதே கேள்விக்குத்தான் பதில் சொல்ல நான் அங்கே நின்றேன். சொன்னேனா? "அம்மா போட்டா நல்லதுக்குத்தான் போடுவாங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தால் பதில் சொல்லியாக வேண்டுமே.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாடியில் டியூஷன் முடிந்து, கீழே கடைவீட்டு வாசலில் அவள் எனக்காக நின்றிருக்கிறாள். ஒரு கார் வந்து நின்றது. உள்ளே இருந்தவன் அவளுடைய செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "அங்கிளைத் தெரியலையா? உன் சடங்குக்கு வந்தேனே. அம்மாவுக்கு ஸ்கூல்ல வேலை, உன்னை வீட்ல கொண்டுபோய் விடச் சொன்னாங்க" என்றானாம். வீட்டு எண்ணையும் சரியாகச் சொன்னானாம். என் மகள் கார்க் கதவைத் திறந்துவிட்டாள். மாடியிலிருந்து இறங்கி வந்த டியூஷன் ஆசிரியை "யாரு அது?" என்று சத்தம் போட்டதும் அவன் கதவைக்கூடச் சாத்தாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் டியூஷன் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கத்தினேன். "எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன்! தெரியாத ஆள் கார்க் கதவைத் திறப்பியா?"

"அன்னைக்கு யார் யாரோ வந்தாங்க. எல்லார் காலிலயும் விழச் சொன்னீங்க. இவங்க யாருன்னு கேட்டதுக்கு, அப்படிக் கேட்டா மரியாதை இல்லைன்னு கிள்ளுனீங்க. எனக்கு எப்படிம்மா தெரியும்?"

வீட்டுக்காரரையும் வரச்சொல்லி, மூன்று பேருமாகப் புகார் கொடுக்கப் போனோம்.

போலீஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். என்ன வேலை செய்கிறேன் என்று மலாயில் கேட்டார். ஆசிரியை என்றதும் மரியாதையாக "சிக்கு", அதாவது டீச்சர், என்று அழைத்தார். என் முகநூல் பக்கத்தைத் திறந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனவர், "இதையெல்லாம் போட்டது யார், சிக்கு?" என்றார். "சொந்தக்காரங்க" என்றேன். மேலே என் பெயரும் என் முகமும் இருந்தன. வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மகள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை முன்னால், அந்தப் பிள்ளையை வைத்தே பொய் சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் நின்றதில்லை.

அவன் அகப்படவில்லை. இதயம் போட்டவன்தானா என்று பார்க்கலாமென்றால் அந்தக் கணக்கே காணோம். எல்லாப் படங்களையும் அழித்தேன். பகிர்ந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கெஞ்சினேன். "கண்ணு பட்டுருச்சுன்னா சுத்திப் போடு, படத்தை எதுக்கு அழிக்கணும்?" என்றார் நாத்தனார். அந்த அழைப்பிதழ் இன்னும் எத்தனை பேர் கையில் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்கு நான் சொன்ன பதில் தப்பு என்று சொல்லியாக வேண்டும். மகளிடம் அனுமதி கேட்டேன். அவளிடம் நான் முதன்முதலாகக் கேட்ட அனுமதி அதுதான். "சொல்லுங்க. ஆனா நான் அங்க இருக்க மாட்டேன்" என்றாள். நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "அம்மா போட்டாலும், வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. கேட்கலைன்னா என்கிட்ட வந்து சொல்லுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அப்படிப் போட்ட அம்மா நான்தான் என்றும் சொன்னேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாசாரில், என்ன மீன் வாங்குவது என்று வீட்டுக்காரரைக் கேட்பதற்காகக் கைப்பேசியை வெளியே எடுத்தேன். பக்கத்தில் நின்ற மகள் சட்டென்று கையிலிருந்த கீரைக்கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"படம் எடுக்கலம்மா, அப்பாகிட்டத்தான் பேசப் போறேன்" என்றேன்.

"சரிம்மா" என்றாள். நான் பேசி முடித்துக் கைப்பேசியைப் பைக்குள் போடும்வரை கீரையை இறக்கவில்லை.