என் தங்கையின் பசி

என் தங்கை குண்டாக இருந்தாள். இதைச் சொல்லவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. சொன்னவுடன் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எழுபதுகளின் நடுவில், ஹாலிஎலவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், மாவுக்கும் மரவள்ளிக்கும் ஆட்கள் அடித்துக்கொண்ட காலத்தில், ஒரு எட்டு வயதுப் பிள்ளை குண்டாக இருப்பது சிரிப்புக்குரிய காரியமல்ல.

மற்றப் பிள்ளைகளுக்கு விலா எலும்பை எண்ணலாம். கால் வீங்கி, முடி செம்பட்டையாகி உதிர்ந்தது. அடிக்கடி ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தார்கள். இவளுக்கு மட்டும் கன்னமும் கழுத்தும் ஒன்றாகச் சேர்ந்து கிடந்தன. கைக்குழந்தையாக இருந்தபோது ஓயாமல் வயிற்றால் போய், இது தேறாது என்று அம்மாவே கைவிட்டிருந்தாள். தேறினாள். தேறியதும் பசிக்கத் தொடங்கியது. பிறகு அது நிற்கவே இல்லை.

அந்தப் பசி எங்கள் பசி மாதிரி அல்ல. எங்களுக்குச் சாப்பிட்டால் கொஞ்ச நேரமாவது அடங்கும். அவளுக்குக் கடைசி வாயை விழுங்கும்போதே அடுத்தது வேண்டும். மாட்டுக்கு வைத்த புண்ணாக்கைத் தின்றாள். மரவள்ளித் தோலைச் சுட்டுத் தின்றாள். மாக் குழைத்த சட்டியை யாரையும் கழுவ விடமாட்டாள். விரலால் வழித்து நக்கிய பிறகுதான் தருவாள். இதையெல்லாம் தின்றா ஒருத்தி அப்படி ஊதுவாள் என்று கேட்டால், எனக்கும் அப்போது பதில் தெரியாது.

பஞ்சம் முற்றியபோது தோட்டத்தில் பிள்ளைகளுக்குச் சத்துமாக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று பார்ப்பதற்காக, கொழுந்து நிறுக்கிற தராசைப் பிள்ளைக் காம்பராவில் கொண்டுவந்து மாட்டினார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. கொழுந்துச் சாக்கைத் தொட்டில் மாதிரிக் கட்டி, ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து நிறுத்தார்கள். ஒரு நாள் சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய நிறையை எங்கள் பக்கம் பேர் என்பார்கள். என் தங்கை உட்கார்ந்ததும் முள் ஓடிய இடத்தைப் பார்த்த கணக்கப்பிள்ளை, "இவளுக்கு ரெண்டு பேரு போடலாம் போல இருக்கே!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் எங்களைப் பார்த்த பார்வை மாறிவிட்டது.

அன்று சாயங்காலமே நாலைந்து பெண்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அவள் தன் மகளைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"ஒளிச்சு வச்சிருக்கிறத காட்டிடு. நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

"உள்ள வந்து பாருங்கக்கா. எல்லாத்தையும் பாருங்க," என்று அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். அப்பா போய் இரண்டு வருடமாகியிருந்தது. எங்களுக்காகப் பேச வேறு ஆள் இல்லை.

பானையைக் கவிழ்த்தார்கள். கொழுந்தெடுக்கும்போது அம்மா இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை உதறினார்கள். அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறினார்கள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதால் எங்கள் மேலிருந்த சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. இவ்வளவு நன்றாக ஒளிக்கத் தெரிந்தவர்கள் என்றுதான் பேச்சு வந்தது. அவர்கள் பார்க்கவே அம்மா தங்கையை அடித்தாள். "எங்கடி திருடித் தின்ன, சொல்லு!" அவள் அழுதுகொண்டே இல்லை இல்லை என்றாள். நான் அவளை நம்பவில்லை. சும்மா இருக்கிற உடம்பு எப்படிப் பெருக்கும்?

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்தன. தோட்டத்து மருந்துச் சாலையில் இருந்தவரை நாங்கள் டாக்டர் ஐயா என்போம். அவர் டாக்டர் அல்ல. கெட்டவரும் அல்ல. எலும்பும் தோலுமான பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போயிருந்த மனுஷர். அவளைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"இது தின்னு வந்த வருத்தம். ரெண்டு நாளைக்கு ஒண்ணும் குடுக்காதீங்க. தண்ணி மட்டும் போதும்."

"சரிங்க ஐயா," என்று அம்மா கும்பிட்டாள். அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது என்று நினைக்கிறேன். பட்டினி கிடந்தால் மெலிவாள். மெலிந்தால் லயம் வாயை மூடும்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு அம்மா போய்விடுவாள். காவலுக்கு நான். எனக்குப் பதின்மூன்று வயது. அந்தக் காவலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் நாள் முழுக்கக் கெஞ்சினாள்.

"அக்கா, ஒரு துண்டுக்கா. சின்னத் துண்டு போதும்."

"பேசாமப் படு. உன்னாலதான் எல்லாரும் நம்மளத் திருடிங்கறாங்க."

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது, காய்ச்சல் விடுகிறது என்று நினைத்தேன். அம்மா வந்து எழுப்பியபோது எழும்பவில்லை. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஹாலிஎலவைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. தின்றே செத்தாள் என்று லயத்தில் சொன்னார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு, என் கழுத்துக் கட்டியைக் காட்டப் போன இடத்தில், குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று ஒரு டாக்டர் கேட்டார். இவளைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். உடம்பில் சுரக்கிற சில ஓமோன்கள் முதலில் முழு நீளமாகத்தான் உண்டாகுமாம். வெட்டாத துணி மாதிரி, அப்படியே உடுத்த முடியாது. அதை வேண்டிய இடத்தில் வெட்டிக் கொடுக்க ஒரு நொதியம் இருக்கிறதாம். பிறவியிலேயே அது வேலை செய்யாவிட்டால், போதும் என்ற செய்தி மூளைக்குப் போகாது. பசி அடங்காது. குழந்தையில் வயிற்றால் போகும். உடம்பு பெருக்கும். ஆனால் காய்ச்சல் வந்தால் தாங்கிப் பிடிக்கிற ஓமோனும் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கி, வியர்த்து, நினைவு தப்பும். "சோதிக்காம நிச்சயமாச் சொல்ல ஏலாது," என்றார். "ஆனா அந்தப் பிள்ளை திருடியிருக்க வேண்டிய அவசியம் இல்ல. நீங்களும் சின்னப் பிள்ளைதானே, உங்களில பிழை இல்ல."

நல்ல மனுஷர். அவருக்கு நான் முழுவதையும் சொல்லவில்லை.

அந்த இரண்டு நாளும் அம்மா வழக்கம்போல மூன்று ரொட்டி சுட்டாள். தங்கையின் பங்கை, பத்தியம் முடிந்ததும் கொடுக்கச் சொல்லி, என்னிடம் தந்துவிட்டுப் போனாள். முதல் நாள் அதை வெளியே கொண்டுபோய்த் தின்றேன். இரண்டாம் நாள் அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தின்றேன். பாதியில் திரும்பிப் பார்த்தால், கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள்.

"தின்னுக்கா," என்றாள். "உனக்கும் பசிக்குந்தானே."

மீதியையும் தின்றேன். அதன் பிறகு அவள் பேசவில்லை.