கண்ணாடி அறையில் ஒரு சோபா

நிசார் அஹமது ஆம்பூரில் முப்பத்தோரு வருஷமாகத் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். கீறலோ உண்ணிக் கடியோ கண்ணில் பட்டால் வட்டம் போட்டுவிடுவார். அந்த வட்டத்தை முதலாளிகூட அழித்ததில்லை. இதில் அவருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, நியாயமான திமிர்தான்.

மகள் ஹீனாவுக்குச் சென்னையில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை ஒவைஸ் தங்கமான பையன், ஹீனாவுக்கும் பிடித்துவிட்டது. அவன் அப்பா தன்சீல் அகமது, அங்கே புதிதாகத் திறந்த ஸ்டேடியத்துக்குச் சோபா செய்து கொடுத்தவர். வளாகத்துக்குள்ளேயே சினிமா, பௌலிங் எல்லாம் உண்டு. பிரியாணி என்று பெயர் போட்ட ஏதோ ஒன்றும் உண்டு. "மேட்ச் பாத்துக்கினே தேதி குறிச்சிடலாம், வாங்க" என்று குடும்பத்தோடு கூப்பிட்டார்.

கிளம்பும்போதே மனைவி சைரா சாக்பீஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"அங்க போய் வாய வெச்சிக்கினு சும்மா இருங்க."

மாடியில் ஒரு கண்ணாடி அறை. கீழே நாற்பதாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். நிசார் சோபாவில் உட்கார்ந்தார். கட்டைவிரலால் அழுத்தினார். தையல் ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். தோலே இல்லை, ரெக்சின்.

"எப்டி நிசார் பாய்? எல்லாம் ஒரிஜினல் லெதர். உங்க ஊர் சரக்கு" என்றார் தன்சீல்.

சைரா கணவரின் தொடையைக் கிள்ளினாள். எதிரே ஹீனா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே யாரோ அவுட்டானார்கள்.

"ஃபஸ்ட் கிரேடு" என்றார் நிசார்.

தேதி குறித்தாயிற்று. சிக்கன் வந்தது. நிசார் ஒரு துண்டோடு தட்டை நகர்த்திவிட்டார். அவமானமாக இருந்தது, வேறொன்றுமில்லை.

திரும்பும் ரயிலில், அரக்கோணம் தாண்டியதும் ஹீனா கேட்டாள்.

"அப்பா, அது ரெக்சின்தானே?"

"ஆமா."

"எனக்கும் உக்காந்ததுமே தெரிஞ்சிபோச்சி. பக்கத்துல இருந்த ஒவைஸ்கிட்ட அப்பவே மெதுவா கேட்டேன். 'உங்கப்பா கண்டுபுடிச்சிட்டா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாரு, கல்யாணம் நின்னுடும்னு ஒரு வாரமா தூங்கல. எங்கப்பா கேட்டா நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லேன்'னு கெஞ்சினாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நின்னாலும் பரவால்ல, எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு சொன்னேன்."