மாசி மகத்துக்கு மட்டும் திறக்கும் கதவு

மாலை நான்கு பத்துக்கு மகளுக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. பதினான்கு வயது. இன்ஹேலரைப் பலமுறை அழுத்தியும் இழுப்பு அடங்கவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தேன். சைரன் சீக்கிரமே கேட்டது, வீட்டுக்கு மிக அருகில். வண்டிதான் வரவில்லை.

ஓட்டுநர் போன் செய்தார். "மேடம், மேப்புல உங்க வூடு இங்கதான் காட்டுது. எதிர்ல சொவுருதான் கீது."

"அது பக்கத்து நகர். மெயின் ரோடு போய்ச் சுத்தி வாங்க."

"யூ டர்ன் அடிச்சு வர அரை மணி நேரம் ஆவும். பேஜாருமா."

மாமல்லபுரத்துக்கு வடக்கே நாங்கள் மனை பார்க்க வந்தபோது இங்கே சுவரே இல்லை. கடலோரக் குப்பத்திலிருந்து எந்தத் தெருவில் நுழைந்தாலும் மெயின் ரோட்டுக்கு வந்துவிடலாம். பிறகு வயல்கள் நகர்களாயின. ஒவ்வொரு நகரும் ஒரே வாசல் வைத்து மற்ற பக்கங்களை அடைத்துக்கொண்டது. எங்கள் சுவரை உயர்த்த நானும் கையெழுத்துப் போட்டேன். வீடுகள் பெருகப் பெருக வழிகள் குறைந்தது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை.

மகளின் உதடு வெளிறியது. அவளைத் தாங்கி வாசலில் உட்கார வைத்தேன்.

தெருமுனைச் சுவரில் இரும்பு உரசும் சத்தம். அங்கே ஒரு பெரிய கதவு உண்டு. மாசி மகத்தன்று மேற்கே உள்ள ஊர்களின் சாமிகளைக் கடலில் நீராட்டச் சுமந்து போகும் வழி அது. அதை மட்டும் எந்த நகரும் அடைக்கத் துணியவில்லை. ஆனால் மற்ற நாட்களில் அது வழி என்றே எங்களுக்குத் தோன்றாது. முன்னால் பூந்தொட்டிகள் அடுக்கியிருந்தோம்.

தொட்டிகள் உருள, கதவு திறந்தது. அதற்கு நேரே, சாமி போகும் அதே வழியில், பக்கத்து நகரின் இரண்டு கதவுகளும் திறந்து கிடந்தன. மாசி மகத்தன்று கூட்டம் மறைத்துவிடும்; இத்தனை வருடம் இருந்தும் என் தெருவிலிருந்து கடல் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு சுவர்களுக்கு நடுவே கோடு கிழித்தாற்போல் ஒரு தெரு, அதன் கடைசியில் அலை. அந்தப் பயத்திலும் உடம்பு சிலிர்த்தது.

அந்தக் கோட்டில் ஆம்புலன்ஸ் வந்தது. முன்னால் ஒரு மீன்காரம்மா நடந்து வந்தார். சைரன் முட்டி நிற்பதைக் கேட்டு, குப்பத்துக் கோயிலில் சாவி வாங்கி வந்தவர். ஆம்புலன்ஸ்காரர்கள் மகளுக்கு ஆக்சிஜன் வைத்ததும் இழுப்பு தணிந்தது. மீன்காரம்மா என்னைப் பார்த்தார்.

"இன்னிக்குத் தொறந்ததுக்கு சாமி ஒண்ணும் கோச்சுக்காதுமா. நீங்கதான் தொட்டிய வெச்சு அடைச்சிகினு கீறீங்க. ஏறு, பொண்ணு கூடப் போ. நீ திரும்பி வர்ற வரைக்கும் நான் பூட்ட மாட்டேன்."