ஆவக்காய் ஜாடியும் வெள்ளைக் கையுறையும்

எண்பதுகளின் கடைசியில், வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நான் சும்மா உட்கார்ந்திருந்தபோது, செய்தித்தாளில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி புதிதாகத் தொடங்கியிருக்கும் பீங்கான் அருங்காட்சியகத்தில், வளரும் காப்பாட்சியர்களுக்கு ஆறு மாத உறைவிடப் பயிற்சி, உதவித்தொகை உண்டு. காப்பாட்சியர் என்றால் பொருள்களைச் சேகரித்து, பாதுகாத்து, ஊருக்கு எடுத்துக்காட்டுகிறவர் என்று அப்பாவுக்கு விளக்கினேன். பால் சொசைட்டியில் எழுத்தராக இருந்த அப்பா அதைத் தன் கணக்கில் சுருக்கினார்.

"அதாவது, பாத்திரத்தக் கழுவித் தொடச்சு அடுக்கி வைக்கணும்."

"ஆமாப்பா."

"அத நம்ம வீட்ல செஞ்சா என்னவாம்?"

"வீட்ல துட்டு குடுக்க மாட்டியளே."

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் வேறு ஒரு ஆயுதம் தயாராக இருந்தது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற மாப்பிள்ளை ஒருவர் என் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லியிருந்தார். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டதெல்லாம் எனக்கு மூக்குக் கண்ணாடி உண்டா என்பதுதான். கடைசியில் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் ஆனது. ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைப்பது. ஆகாவிட்டால் வருகிற தையில் முகூர்த்தம். அன்றிலிருந்து பீங்கான் மேல் எனக்கு வந்த பக்தியைச் சொல்லி முடியாது.

உறைவிடப் பயிற்சி என்றார்களே தவிர, உறைவதற்கு இருந்தது மில் விருந்தினர் மாளிகை ஒன்றுதான். அதில் ஏற்கெனவே இயக்குநர் உறைந்துகொண்டிருந்தார். கல்யாணமாகாத பெண்ணை அங்கே தங்கவைப்பது முறையல்ல என்று முதலாளி முடிவு செய்ததால், நான் தினமும் டவுன் பஸ்ஸில் உறைந்தேன். மம்சாபுரம் விலக்கு தாண்டி உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

அருங்காட்சியகம் என்பது ஒரு பழைய பஞ்சு கோடவுன். முதலாளி ஒருமுறை சீமைக்குப் போனபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காது உடைந்த கோப்பையை வைத்து அதைப் பார்க்க வரிசையில் ஆட்கள் நிற்பதைக் கண்டு அசந்துபோனாராம். 'நம்ம வீட்ல இத விட நல்லா ஒடஞ்சது எம்புட்டோ கெடக்கே' என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அங்கே வாங்கியதும், இங்கே பரணில் கிடந்ததுமாகத் தேநீர்க் கோப்பைகளும் தட்டுகளும் வந்து சேர்ந்தன. அத்தனையையும் பரப்பி வைத்த பிறகும் கோடவுனில் பாதி காலியாக இருந்தது.

இயக்குநர் மெட்ராஸ்காரர். ஓய்வு பெற்றவர், மெலிந்தவர், எதைப் பேசினாலும் கூரையைப் பார்த்துப் பேசுகிறவர். பயிற்சியின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான்: வெறுங்கையால் எதையும் தொடக்கூடாது. அதற்காகச் சுற்றுவட்டாரத்தில் நெய்கிற பேண்டேஜ் துணியில், பஜார் தையல்காரரை வைத்து வெள்ளைக் கையுறைகள் தைக்கச் செய்தார். கையுறைகளைத் தினமும் சாயங்காலம் அவரே சோப்புப் போட்டுத் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப்போடுவார். என்னுடையதை நான் முதல் வாரத்திலேயே கழற்றிவிட்டேன். பளபளப்பான பீங்கானைத் துணிக் கையால் பிடித்தால் வழுக்கும். ஒரு தட்டு வழுக்கி, முழங்காலில் தாங்கிப் பிடித்த பிறகு, உலர்ந்த வெறுங்கைதான் எனக்குச் சரி என்று தெரிந்துகொண்டேன். "உங்கள் கையில் எண்ணெய் இருக்கும், வியர்வை இருக்கும்," என்று இயக்குநர் கூரையிடம் என்னைப் பற்றிப் புகார் செய்வார்.

காலியாகக் கிடந்த பாதியை நிரப்ப நான்தான் ஒரு யோசனை சொன்னேன். சீமைக் கோப்பையைப் பார்க்க இந்த ஊரில் யார் வருவார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் ஊறுகாய் ஜாடி இருக்கிறது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, கழுத்தில் துணி கட்டிய ஜாடி. முழங்கால் உயரம் உள்ளதிலிருந்து கைக்கு அடக்கமானது வரை எல்லா அளவிலும் உண்டு. இரவல் வாங்கி வரிசையாக வைத்தால், தங்கள் ஜாடியைப் பார்க்கவாவது ஆட்கள் வருவார்கள். முதலாளிக்குப் பிடித்துப்போனது. "நல்லாச் செய் பிள்ள. கண்காட்சி எடுபட்டா உன்னயவே நெரந்தரமாப் போட்ருவோம்," என்றார். தை மாதம் ஒரு படி பின்னால் நகர்ந்தது போலிருந்தது.

இரவல் கேட்கப் போன பிறகுதான் இந்த வேலைக்கு எம்.ஏ. போதாது என்று தெரிந்தது. எந்த வீட்டிலும் ஜாடியைக் காலியாகத் தரமாட்டேன் என்றார்கள். வருஷ ஊறுகாயை ஜாடி மாற்றினால் கெட்டுவிடும். ஆகவே ஊறுகாயோடுதான் கொண்டுபோக வேண்டும். அதைவிடப் பெரிய நிபந்தனை வாசலிலேயே கேட்கப்பட்டது. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற ஒரு வீட்டு அத்தை. உறவில்லை, நான் அப்படிக் கூப்பிட்டேன். அவரிடம் இருந்ததுதான் ஊரிலேயே பெரிய ஜாடி. உள்ளே ஆவக்காய், செக்கச்செவேலென்று எண்ணெய் மிதந்தது.

"அம்மாயி, குளிச்சிட்டுத்தான வந்திருக்க?"

"ஆமா அத்தை."

"அதில்ல. வீட்டுக்குத் தூரமில்லயே?"

மாதத்தில் அந்த மூன்று நாள் பெண்கள் ஊறுகாயைத் தொட்டால் பூசணம் பூத்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவடு தந்த வீட்டில் இதையே சுற்றி வளைத்துக் கேட்டார்கள். நார்த்தங்காய் தந்த வீட்டில் கண்ணாலேயே கேட்டார்கள். எலுமிச்சை ஊறுகாய் தந்த முஸ்லிம் கடைக்காரர் வீட்டம்மா மட்டும், "பஸ்ஸுல பத்திரமாப் புடிச்சிக்கோ," என்றதோடு விட்டார். "இல்ல அத்தை," என்றேன். அன்றைக்கு அது உண்மை. "அந்த நாள்ல கிட்டப் போயிராத," என்றார் அத்தை. நான் தலையை ஆட்டிய விதத்தை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, இயக்குநரின் பாடத்தின்படியும் என் கை ஆகாது, அத்தையின் சட்டப்படியும் என் கை ஆகாது. அந்த ஜாடிகளை இடுப்பில் வைத்துச் சுமக்க மட்டும் என் கை ஆகும்.

கண்காட்சி எடுபட்டது. நான் நினைத்தபடியே ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஜாடியைப் பார்க்க வந்தார்கள். பக்கத்து வீட்டாரின் ஜாடி தங்களுடையதைவிடச் சிறியது என்று தெரிந்து சந்தோஷமாகப் போனார்கள். அத்தை வாராவாரம் வந்தார். நான் தினமும் ஜாடிகளைத் துடைத்தேன், நகர்த்தினேன், கழுத்துத் துணியை அவிழ்த்துப் பார்த்துக் கட்டினேன். மாதத்தில் எல்லா நாளும் செய்தேன். லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கூரையைப் பார்ப்பார் இயக்குநர். தவிர, என் உடம்பிலிருந்து என்ன புறப்பட்டு பீங்கானைத் துளைத்து உள்ளே போகும் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் அத்தை வந்து, தன் ஜாடியின் துணியை அவிழ்த்து, போட்ட சத்தத்தில் மில் சைரனே தோற்றது. ஆவக்காயின் மேல் வெள்ளையாக, பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி பூசணம். மில் மேனேஜர் ஓடிவந்தார், முதலாளிக்கு ஆள் போனது, செத்த நேரத்தில் முதலாளியும் வந்துவிட்டார்.

இயக்குநர் கூரையைப் பார்த்தார். "கையுறை இல்லாமல் தொடவேண்டாம் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே?"

அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். "அம்மாயி, நேராச் சொல்லு. தூரமா இருந்தப்பத் தொட்டியா?"

மேனேஜருக்கு அப்போதுதான் வாசலில் ஏதோ வேலை வந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்குக் காது மடல் வரை சுட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினாலும், அடுத்த மாதம் யார் கேட்கப்போகிறார்கள், அதற்கடுத்த மாதம் யார்? கல்யாணத்துக்குப் பயந்து இங்கே வந்தவள் ஊறுகாய்க்குப் பயந்து நிற்பதை நினைத்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"தொட்டேன் அத்தை. வந்ததுல இருந்து மாசம் தவறாமத் தொட்டேன். உங்க ஜாடிய மட்டுமில்ல, இங்க இருக்கிற அம்புட்டு ஜாடியையும் தொட்டேன். மத்ததயும் தெறந்து பாருங்க."

அத்தை என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, திறந்தார். மாவடு, நார்த்தங்காய், எலுமிச்சை, ஒவ்வொன்றாகத் துணியை அவிழ்த்தார். கோடவுன் முழுக்க வாசனை எழுந்து முதலாளி எச்சில் விழுங்கினார். ஒன்றிலும் பூசணம் இல்லை.

ஜன்னலில் இயக்குநரின் கையுறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நாலு நாள் மழையில் காயாமல் ஈரம் சொட்டாத குறை. தினமும் நான் கண்ணால் பார்த்தவைதான், அன்றைக்குத்தான் பார்த்தேன். இடது கை வெள்ளை. வலது கையில் மூன்று விரல்கள், எத்தனை சோப்புப் போட்டும் போகாத, நல்ல ஆவக்காய்ச் சிவப்பு. எடுத்து வந்து அத்தையிடம் நீட்டினேன். மோந்து பார்த்தார்.

"இது எங்க வீட்டு மெளகாப்பொடி."

இயக்குநர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தரையைப் பார்த்தார். "மில் மெஸ்ஸில் தினமும் தயிர்சாதம்தான்..." என்று இழுத்தார். அவரைக் குறை சொல்லக்கூடாது. அவர் விதியை மீறவே இல்லை. திருடும்போதுகூடக் கையுறை போட்டுக்கொண்டுதான் திருடியிருக்கிறார். அதுவும் அன்றன்றைக்குத் துவைத்த, ஈரம் காயாத கையுறை. ஊறுகாயில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். பாவம், மனுஷன் சோத்துக்குத் தொட்டுக்க இல்லாம என்ன பாடுபட்டிருக்கார், என்றார். அத்தைகூட இளகிப்போய், "கேட்டிருந்தா ஒரு கிண்ணத்துல குடுத்து விட்ருப்பனே," என்றார். மறுநாளிலிருந்து இயக்குநருக்கு முதலாளி வீட்டிலிருந்தே ஊறுகாய் போனது. அதுதான் அவருக்குக் கிடைத்த தண்டனை.

அத்தையின் ஜாடியைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று நான் குனிந்தபோது, "இரு, நானே எடுத்துக்கிடுதேன்," என்றார். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, மோந்தும் பார்த்த பிறகு சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

கார்த்திகையில் நியமன உத்தரவு வந்தது. நிரந்தரம்தான். கீழே ஒரு நிபந்தனை: காட்சிப் பொருள்களின் நலன் கருதி, மாதம் மூன்று நாள் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த மூன்று நாள் என்று எழுத இயக்குநருக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. அப்பா அதை இரண்டு முறை வாசித்தார். "கவருமென்ட்டு வேலையிலகூட இப்படி லீவு கெடையாதே," என்று மகிழ்ந்துபோய், கல்யாணம் இப்போதைக்கு இல்லை என்று சிவகாசிக்குப் பதில் எழுதிப் போட்டுவிட்டார்.

நான் கையெழுத்துப் போட்டேன். தை மாதம் மொத்தமாகக் கல்யாணமா, மாதாமாதம் மூன்று நாள் அவமானமா என்று பார்த்தபோது, அவமானத்துக்காவது மீதி நாள் விடுமுறை இருந்தது.

அந்த மூன்று நாளில் எங்கே போவது? வீட்டில் அடுப்படிக்குள் விடமாட்டார்கள், அருங்காட்சியகத்தில் ஜாடிகளுக்குள் விடமாட்டார்கள். ஆகவே பஸ் ஏறினேன். மம்சாபுரம், ஆலங்குளம் என்று வீடு வீடாகப் போய் ஜாடி கேட்டேன். வாசலில் கேட்டார்கள், "குளிச்சாச்சு," என்றேன், காலையிலேயே குளித்திருந்தேன். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வருவேன். விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது அவற்றைக் கொண்டுபோய் வரிசையில் வைப்பேன். தொண்ணூறுகள் பாதி முடிவதற்குள் கோடவுனில் இடம் போதவில்லை. அத்தையும் மறு கோடையில் புது ஆவக்காய் போட்டு ஜாடியை அனுப்பியிருந்தார், மகன் கையில்.

ஒரு தடவை மதுரையிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்கள். நான் அந்த மூன்று நாள் லீவில் இருந்தேன். விளக்கிச் சொல்ல ஆள் இல்லை என்று முதலாளி கார் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார். விடுப்பு எதற்காக என்பது அன்றைக்கு எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

"நம்ம மியூசியத்துல ஒரு ஜாடிகூட கெட்டதில்லங்க. அம்புட்டு சுத்தமா வச்சிருக்கோம்," என்று விருந்தினர்களிடம் சொன்ன முதலாளி, என் பக்கம் திரும்பினார். "பிள்ள, அந்த ஆவக்காய் ஜாடியத் தூக்கி அவியளுக்குக் காட்டு."

இயக்குநர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெறுங்கையால் தூக்கிக் காட்டினேன்.