லேஞ்சியில் சுற்றி வீட்டுக்குப் போன டிஸ்க்

மாத்தளை டவுனில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர் ஒரு காலையில் எழும்பவில்லை. கறுப்புத் திரை. உள்ளே டிக், டிக். ஹார்ட் டிஸ்க் சாகும்போது அப்படித்தான் கத்தும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான்; வைரஸ் தொல்லை தாங்காமல் அதில் லினக்ஸ் போட்டதும், தட்டித் தடவிப் பார்த்துக்கொள்வதும் நான்தான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு அன்றைக்குப் பயம் வரவில்லை. பேக்கப் இருக்கிறதே!

அன்று படம் வாங்க ஒரு தங்கச்சி வருவதாக இருந்தது. தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் நடந்த அவள் கல்யாணத்துக்குப் படம் பிடித்தது நாங்கள். அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போன அப்பா அடுத்த கிழமையே நெஞ்சுவலியில் போய்விட்டார். முப்பதாம் நாள் பூசைக்கு வைக்க அவர் படம் வேண்டும். வீட்டில் வேறு படம் இல்லை.

பேக்கப் டிஸ்கை வேறு மெஷினில் செருகினேன். கடைசியாக இருந்தது தைப்பொங்கல் படங்கள். மே மாத வெசாக் பண்டிகையே முடிந்துவிட்டது! தினமும் காலையில் கடை திறந்ததும், முதலாளி வருமுன்பே, பேக்கப் போல்டரைத் திறந்து பார்ப்பேன். நேற்றைய படம் வரை இருக்கும். என் கண்ணால் பார்த்ததெல்லாம் எங்கே?

"என்ன தம்பி, மையத்து விழுந்த ஊட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்றார் முதலாளி நானா.

"டிஸ்க்குல பொங்கலுக்குப் பொறவு ஒன்னும் இல்ல நானா. தினம் ராத்திரி எட்டு மணிக்குப் படமெல்லாம் தானா ஏறணும்."

"எட்டு மணிக்கு அது எங்கட ஊட்டுல. கெமரா, லென்ஸ், டிஸ்க் எல்லாத்தையும் லேஞ்சித் துணில சுத்தி நான்தானே பத்திரமா கொண்டுபோறேன். கள்ளன் வந்தா? காலைல வந்து நானே திரும்பச் செருகிடுறேன்."

முன்பு பகலில் கையால் ஏற்றிக்கொண்டிருந்தேன். மறந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான், பொங்கலோடு, கடை மூடியபின் தானாக நடக்கும்படி வைத்தேன். நான் பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன், மூடுவது நானா. டிஸ்க் செருகியிருக்காவிட்டாலும் லினக்ஸ் கூச்சல் போடவில்லை. அதே பெயரிலிருந்த வெறும் போல்டரில், மெஷினுக்குள் இப்போது சாகிற அந்த டிஸ்கிலேயே, எல்லாவற்றையும் சமர்த்தாக எழுதிவைத்திருந்தது. போல்டரைப் பார்த்து நம்பிவிடாதீங்க. df என்ற கட்டளையை அடித்து, அது எந்த டிஸ்கில் நிற்கிறது என்று பாருங்க. ஒரு படத்தையாவது திருப்பி எடுத்துப் பாருங்க.

பென் டிரைவில் வைத்திருந்த லினக்ஸால் மெஷினை எழுப்பினேன். பழைய டிஸ்கை வாசிக்க மட்டும் விட்டேன்; எழுத விட்டால் மிச்சமும் போய்விடும். அந்தத் தங்கச்சியின் கல்யாணப் போல்டரை முதலில் இழுத்தேன். கோயில் வாசல், பூக்கொத்துப் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக வந்தது. டிக், டிக். பிறகு சத்தமே இல்லை. அதற்கப்புறம் அந்த டிஸ்க் வாய் திறக்கவில்லை.

வந்ததில் அப்பா இருந்தது ஒரே ஒரு படத்தில். மகள் கையைப் பிடித்திருக்கிறார். கண் இரண்டும் மூடியிருக்கிறது.

"இதுதான் தங்கச்சி மிஞ்சிச்சு," என்றேன், அவள் வந்ததும். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

அவள் திரைக்குக் கிட்டப்போய்ப் பார்த்தாள். "கெமராவக் கண்டா அப்பா கண்ண மூடிருவாருண்ணே. எத்தன தரம் புடிச்சாலும் இப்பிடித்தான்." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "இதையே பெருசாக்கிக் குடுங்க."

பிரிண்ட் போடுமுன்பே அந்தப் படத்தை இரண்டு பென் டிரைவில் ஏற்றி, ஒன்றை அவளிடமே கொடுத்தேன்.