ராஜமதி தைத்த விமான இருக்கை

ராஜமதிக்கு வயிற்றெரிச்சல் ஜாஸ்தி. இதை நான் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை, முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். "ஆமா, எரியுது. அதுக்கு நீ என்னா பண்ணப் போற?" என்று கேட்பாள். அப்படிக் கேட்கிறவளோடு எங்கே போய்ச் சண்டை போடுவது?

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி உள்ளே போகிற தெருவில் எங்கள் தையல் கம்பெனி இருக்கிறது. மேலே தகரக் கூரை, கீழே வரிசையாக மெஷின்கள். முன்பெல்லாம் பள்ளிக்கூடப் பை தைத்தோம். இப்போது விமானத்து இருக்கைக்கு உறை தைக்கிறோம். சென்னைக் கம்பெனி ஒன்று ஆர்டர் பிடித்து, தையலை மட்டும் எங்கள் தலையில் கட்டியிருக்கிறது. சென்னையிலிருந்து மதுரை, கோயம்புத்தூர், ஐதராபாத் என்று கிட்டத்தில் போய்த் திரும்புகிற விமானங்கள் அவை. அவற்றில் இருந்த பழைய நீலத் துணி இருக்கைகளை எல்லாம் கழற்றிவிட்டு, மெல்லிசாகச் சாம்பல் நிறத்தில் புதிது மாட்டுகிறார்கள். இருக்கை மெல்லிசாக இருந்தால் கூடுதலாக ஒரு வரிசை போடலாமாம். அதில் சாயவும் முடியாது. ஒரு மணி நேரத்தில் இறங்கப் போகிறவன் சாய்ந்து என்ன கிழிக்கப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

முன்பக்கத்தில் மட்டும் சில வரிசைகள் அகலமான இருக்கைகள். பணம் கூடக் கொடுக்கிறவர்களுக்கு. அவர்களுக்கும் பின்னால் இருப்பவர்களுக்கும் நடுவே ஒரு திரை தொங்குமாம். நான் வெட்டும் மேசையில் நின்று துண்டு வெட்டித் தருகிறவள். வேலைக்கு நடுவே ஒருநாள் கேட்டேன்: "எல்லாரும் ஒரே நேரத்துல தான எறங்கப் போறாங்க ராஜமதி? நடுவுல திரை என்னாத்துக்கு?"

"பின்னாடி உக்காந்திருக்கறவங்க வயிறு எரியாம இருக்கத்தான் ரேவதி," என்றாள். அந்தப் பாடத்தில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது.

அந்த அகல இருக்கைகளுக்குத் தலைப் பகுதி உறையைத் தைப்பவள் அவள்தான். வளைவில் இரட்டைத் தையல் போட வேண்டும். மற்றவர்கள் போட்டால் ஒரு கோடு இன்னொன்றை விட்டு விலகி ஓடும், இவள் போட்டால் கடைசிவரை சேர்ந்தே போகும். கையில் அப்படி ஒரு நிதானம், மனசில் ஒரு சொட்டு கிடையாது. கடவுள் ஏன் இப்படிப் பங்கு போட்டுக் கொடுக்கிறார் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

மனசைக் கெடுத்தவள் த்ரிசலா. பாவம், அவள் ஒன்றும் செய்யவில்லை. ராஜமதியின் கணவன் ஜினராஜின் தம்பி அஜிதனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்தாள், அவ்வளவுதான். வந்த நாளிலிருந்து ராஜமதிக்குக் கணக்குத்தான். மாடி அறை அவளுக்குப் போனது. அவள் வைக்கும் குழம்பை மாமியார் ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டார். அவளுக்கு ஜலதோஷம் பிடித்தால் கஷாயம் வந்தது, இவளுக்குப் பிடித்தால் "வெயில்ல நிக்காத" என்று ஒரு வார்த்தை வந்தது. கம்பெனிக்கு இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். அங்கேயும் த்ரிசலா வந்த வேகத்தில் எல்லோரோடும் ஒட்டிக்கொண்டாள். என்னைக்கூட "ரேவதிக்கா" என்று கூப்பிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. முதல் விமானத்துக்கு உறை மாட்டும்போது எங்காவது இழுத்தாலோ தொங்கினாலோ அங்கேயே பிரித்துத் தைக்க எங்களில் ஒருத்தியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். விமானத்தை நிறுத்தி வைத்திருக்கும் கொட்டகைக்குள் போய், விமானத்துக்குள்ளேயே ஏறி வேலை பார்க்க வேண்டும். எங்களில் ஒருத்தியும் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ராஜமதி அன்று முழுக்கத் தலை நிமிராமல் தைத்தாள். தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. எனக்கும் இல்லை.

சூப்பர்வைசர் வேணு சார் த்ரிசலா பேரைச் சொன்னார்.

ராஜமதி நேராக அவர் மேசைக்குப் போய் நின்றாள். "என் தையல்ல என்னா சார் குறை?"

"குறையே இல்லம்மா. அதான் பிரச்சனை. நீங்க போயிட்டா இங்க தலை கவரு யாரு தைப்பாங்க? அங்க இங்கிலீஷ்ல கேப்பாங்க, த்ரிசலா சமாளிச்சுக்கும்."

நன்றாக வேலை செய்ததற்குக் கிடைத்த பரிசு, அதே மெஷினில் உட்காருவது. எனக்கே கோபம் வந்தது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! அன்று சாயங்காலம் பஸ்ஸில் த்ரிசலா பக்கத்து இருக்கையைத் தட்டிக் கூப்பிட்டும் ராஜமதி நின்றுகொண்டே வந்தாள்.

இங்கே அவர்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் ஜைனர்கள், பக்கத்துக் கிராமத்தில் நிலம் நீச்சு உள்ள பழைய குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். தோல் என்று ஒரு பொருள் வீட்டுக்குள் வராது. செருப்பு ரப்பர், பெல்ட் துணி, பர்ஸும் துணிதான். மாமியார் இதிலெல்லாம் மகா கண்டிப்பு. கம்பெனியில் சேரும்போதே, "என்னாத்துல தைக்கறீங்க?" என்று விசாரித்து, ரெக்சின் என்று தெரிந்த பிறகுதான் இருவரையும் அனுப்பினார்.

அந்த மாமியார் காதில் ராஜமதி ஒரு வார்த்தை போட்டாள். "அத்தை, முன்னாடி சீட்டுக்கெல்லாம் அசல் தோலுன்னு பேசிக்கறாங்க. நமக்கு என்னா தெரியும்? த்ரிசலா அங்க போயி அதையெல்லாம் தொடணும்."

யாரும் அப்படிப் பேசிக்கொள்ளவில்லை. பார்ப்பதற்குத் தோல் மாதிரி இருக்குமே தவிர, அது செயற்கைதான். விமான வேலை தொடங்கிய அன்றே வேணு சார் ஒரு துண்டை எடுத்து லைட்டரால் கொளுத்திக் காட்டினார். கருகியது, லைட்டரை விலக்கியதும் அணைந்துவிட்டது. விமானத்துக்குள் தீ பரவக் கூடாது என்று அதற்கு மருந்து ஏற்றியிருக்கிறார்களாம். ராஜமதியும் த்ரிசலாவும் தோளோடு தோள் நின்று அதைப் பார்த்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றேன்.

மாமியார் அவசரப்படுகிறவர் அல்ல. ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னார். மறுநாள் த்ரிசலா முன்பக்க இருக்கைக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டை என்னிடம் வாங்கிப் போனாள். அப்புறம் நடந்ததை ராஜமதியே எனக்குச் சொன்னாள். சாப்பாடு முடிந்து, அடுப்பைத் துடைத்துவிட்டு மாமியார் காஸைப் பற்றவைத்தார். முதலில் பிள்ளைகளின் பழைய ரெக்சின் பையில் ஒரு துண்டு வெட்டி இடுக்கியில் பிடித்துக் காட்டினார். அது குபீரென்று பிடித்து, உருகிச் சொட்டியது. அடுத்து விமானத்துத் துண்டு. கருகியது. சொட்டவில்லை. அடுப்பை விட்டு எடுத்ததும் அணைந்தது.

"ரெக்சின்னா ஒழுகணும். இது ஒழுகல," என்றார். "தோலுதான்."

தோல் எரிந்தால் மயிர் கருகிய நாற்றம் வரும். எங்கள் தெருவில் செருப்புத் தைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? தலைமுறை தலைமுறையாகத் தோலை உள்ளே விடாதவர்களுக்குத் தோல் எப்படி எரியும் என்று எப்படித் தெரியும்?

த்ரிசலா விளக்கிப் பார்த்தாள். "அத்தை, தீப்புடிக்கக் கூடாதுன்னு மருந்து போட்டிருக்காங்க. மொத நாளே கொளுத்திக் காட்டுனாங்க. அக்காவும்தான் பாத்தாங்க. அக்கா, நீங்க சொல்லுங்க."

எல்லோரும் ராஜமதியைப் பார்த்தார்கள்.

"நான் பாக்கலையே," என்றாள் ராஜமதி. "எனக்குத் தெரியாது அத்தை."

மாமியார் அடுப்பை அணைத்தார். இடுக்கியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். "நாளையிலேருந்து ரெண்டு பேரும் அந்த வேலைக்குப் போக வேணாம்," என்றார்.

ரெண்டு பேரும்! ராஜமதி இதை யோசிக்கவே இல்லை. தோல் என்றால் த்ரிசலா கைக்கு மட்டுமா தோல்? தன் வாயாலேயே தன் மெஷினுக்கும் பூட்டுப் போட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் வேலை திரும்பும், ஆனால் த்ரிசலா விமானம் ஏறிவிடுவாள். ராஜமதி வாயே திறக்கவில்லை. "அழுதியா?" என்று போனில் கேட்டேன். "எதுக்கு அழணும்? நல்லாத் தூங்கினேன்," என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். பெரிய மனுஷி மாதிரி பேசுகிறேன், ஆனால் நானும் வேணு சாரிடம் போய் எதையும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு விஷயம் என்று இருந்துவிட்டேன்.

தேதி வந்ததும் சென்னைக்குப் போக, எங்களோடு தைக்கிற அன்புச்செல்வியைப் பிடித்தார்கள். தலை உறைகளையும் அவள்தான் தைத்தாள், தையல் கிரிவலப் பாதையில் கூட்டத்தில் போகிற ஆட்டோ மாதிரி அலைந்தது. ராஜமதிக்கு உறைக்கட்டும் என்று வேண்டுமென்றே போன் செய்து சொன்னேன். "போகட்டும்," என்றாள். அதற்கும் அசையவில்லை.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் பஸ் விடமாட்டார்கள் என்பதால் எங்களுக்கு அன்று லீவு. அவள் வீடு நடக்கிற தூரம்தான். பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அங்கே அவர்கள் கிராமத்து உறவுக்காரப் பெண்கள் இருவர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் முகத்தில் அப்படி ஒரு பெருமை. த்ரிசலாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"ஏரோப்ளேனையே வேணான்னுட்டா எங்க சின்னவ. நான் போக வேணான்னு சொன்னப்பறம் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு இப்படி இருப்பா?"

ஒருத்தி த்ரிசலாவின் முகவாயைத் தொட்டுக் கொஞ்சினாள். கோயிலிலும் இதே பேச்சாம், இவளைப் பார்க்கத்தான் வந்தார்களாம். த்ரிசலா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பெருமையும் இல்லை ஒன்றும் இல்லை, இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று உட்கார்ந்திருந்தாள்.

இன்னொருத்தி கேட்டாள்: "பெரியவளும் அதே வேலைதான பாத்தா?"

"அவளும் நின்னுட்டா. அவளுக்கு என்னா, அவள யாரு ஏரோப்ளேனுக்குக் கூப்ட்டாங்க?" என்றார் மாமியார். வேறு எதையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை.

ராஜமதி அப்போது டம்ளர் வைத்த தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். முகம் சிவந்து வருவதைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். என்னை அவள் பார்க்கவே இல்லை.

"அது தோலே கெடையாது!" என்று கத்தினாள். "வெறும் ரெக்சினு! தீப்புடிக்காம இருக்க மருந்து போட்டது. மொத நாளே எங்க எல்லாருக்கும் கொளுத்திக் காட்டுனாங்க. இவ ஒண்ணும் பெருசா எதையும் விட்டுக் குடுத்துடல!"

த்ரிசலாவுக்குக் கிடைத்த பேரைப் பிடுங்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"அன்னிக்கு நான் பாக்கலன்னியே?" என்றார் மாமியார்.

ராஜமதி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"பாத்தேன் அத்தை."

"அப்ப எதுக்குடி சொல்லல?"

வந்தவர்கள் புடவையைச் சரிசெய்துகொண்டார்கள். த்ரிசலா எழுந்து வந்து ராஜமதி கையிலிருந்த தட்டை வாங்கினாள். எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். பிறகு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரமே இருவரும் வேலைக்கு வந்துவிட்டார்கள். வேணு சார் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். அன்புச்செல்வி அலைய விட்ட தையலை எல்லாம் பிரித்து ராஜமதி மறுபடி தைத்தாள். த்ரிசலா சென்னைக்குப் போனாள். புதுப்புடவை எடுத்து வைத்திருந்த அன்புச்செல்வி ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை, அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

திரும்பி வந்த அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் த்ரிசலாவைச் சூழ்ந்துகொண்டோம். விமானம் உள்ளே இவ்வளவு ஒடுக்கமா என்றிருந்ததாம். ஜன்னல் நம் வீட்டுத் தாம்பாளத்தைவிடச் சின்னதாம். முன் வரிசையில் உட்காரச் சொல்லி ஒரு என்ஜினியர் படம் எடுத்துக் கொடுத்தாராம். "தலை கவரு சுருக்கமே இல்லாம உக்காந்துச்சு ரேவதிக்கா, ஒரு எடத்துலயும் பிரிக்கல," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதைத் தைத்தவள் எதிரில் உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் பக்கம் த்ரிசலா திரும்பவே இல்லை. திட்டவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஊறுகாய் வேண்டியிருந்தது, டப்பா ராஜமதி பக்கத்தில் இருந்தது. "ரேவதிக்கா, அத கொஞ்சம் எடுத்துக் குடுங்க," என்று என்னிடம் கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். ராஜமதி பாதி சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டாள். எல்லோரும் எழுந்து போன பிறகு, வெட்டும் மேசைக்கு வந்து ஒரு துண்டைக் கையில் எடுத்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"வீட்லயும் இப்படித்தான்," என்றாள். "ஒரு வார்த்தை கூப்பிட மாட்டேங்கறா. உன்ன மட்டும் அக்கான்றா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். த்ரிசலாவை இத்தனை நாள் எப்படிப் பார்த்தாளோ, அப்படிப் பார்த்தாள்.