மை வைத்த விரலுக்குத்தான் துணி

ராஜகீழ்ப்பாக்கத்தில் நூற்று இருபது வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் எதிரே, புங்கமரத்தடியில் பதினேழு வருடமாக இஸ்திரி வண்டி போட்டிருந்தவள் கிளியம்மாள். வருகிற துணியைப் பார்த்தே யாருக்கு இன்டர்வியூ, யாருக்கு வேலை போய்விட்டது என்று கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததை வெளியில் சொல்லமாட்டாள். அதனால்தான் தொழில் நிலைத்தது.

மரத்துக்குப் பின்னால் இருந்த நிலம் பழைய கவுன்சிலர் முனிரத்தினத்துடையது. மழைநீர்க் கால்வாயைப் பாதி தூர்த்து அங்கே கடைகள் கட்டினார். ஒருநாள் காலையில் கிளியம்மாள் வந்து பார்த்தபோது, ஜேசிபி அவள் வண்டியைத் தூக்கி மீதிக் கால்வாயில் போட்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி இரண்டாகப் பிளந்து சேற்றில் கிடந்தது.

நேரே அவர் வீட்டுக்குப் போனாள். மாநகராட்சித் தேர்தலில் மறுபடி நிற்கப்போகிறார் என்று கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தள்ளிகினு போயிருப்பேனே."

"இன்னா கிளி, நாயம் கேக்க வந்துட்டியா? உன்னாண்ட எத்தினி ஓட்டு கீது?"

அவள் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார். "ஒண்ணு. அந்த அபார்ட்மென்ட்டுக்காரனுங்கள நம்பிகினு வந்தியா? ஓட்டு அன்னிக்கு அவனுங்க ஏலகிரில கெடப்பானுங்க. போன தபா அந்த பில்டிங்லருந்து வந்தது பதினோரு பேர். எனக்கு ஊர்க்காரன் ஓட்டு போதும், போ."

கூடம் சிரித்தது. காபி கொண்டுவந்த மருமகளும் சிரித்தாள்.

பக்கத்துச் சந்தில் இரவல் வண்டியில் தொழிலைத் தொடங்கினாள். பெட்டி துணிமேல் இறங்கும்போதெல்லாம் "ஒண்ணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறங்கும் என்று இஸ்திரி போடுகிறவர்களுக்குத் தெரியும்.

அந்த ஐப்பசி மழையில், போக வழியில்லாத தண்ணீர் குடியிருப்பின் பேஸ்மென்ட்டுக்குள் புகுந்தது. கார்கள் மிதந்தன.

"வாட்ஸ்அப் குரூப்ல முனிரத்தினத்தைத் திட்டித் தீர்த்துட்டோம்க்கா," என்றாள் மூன்றாவது மாடி நித்யஸ்ரீ.

"அந்த குரூப்ல அவரு கீறாராம்மா?"

"இல்லையே."

"அப்ப யாரு காதுல வுழட்டும்னு திட்டுனீங்க?"

நித்யஸ்ரீ சிரித்துவிட்டுப் போனாள். கிளியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தேர்தல் ஒரு சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமை வந்த மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தாள். ஆபீஸ் சட்டை ஒன்றுகூட இல்லை. பூப்போட்ட சட்டை, பிள்ளைகளின் ஜெர்கின், பயணத்துக்கான சுடிதார். எல்லாம் ஊர் சுற்றப் போகிற துணி. முனிரத்தினம் சொன்னது அட்சரம் பிசகாமல் நடக்கப்போகிறது.

வழக்கம்போல் வெள்ளி மாலை தருவதாகச் சொல்லி எல்லாவற்றையும் வாங்கி வைத்தாள். வெள்ளி மாலை போகவில்லை. போனையும் அணைத்துவிட்டாள். யார் யாருக்கு ஓட்டு சொந்த ஊரில் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மூட்டைகளை மட்டும் வாட்ச்மேன் சவுரிமுத்துவிடம் கொடுத்தனுப்பினாள். மற்றவர்களுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினாள்.

"நாளைக்குக் காலைல ஸ்கூலாண்ட டீக்கடைல நிப்பேன்னு சொல்லு. மை வெச்ச விரலுக்குத்தான் துணி."

"உனக்குப் பைத்தியமா புடிச்சிக்கீது?" என்றான் சவுரிமுத்து. ஆனால் சொன்னான்.

வாக்குச்சாவடிப் பள்ளிக்கு முன்னால் சுண்ணாம்பில் போட்ட கோட்டைத் தாண்டி வெகுதூரம் தள்ளியே வண்டியை நிறுத்தினாள். முதலில் வந்தவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஹரிபிரசாத். முகம் சிவந்திருந்தது.

"கிளியம்மா, ரிசார்ட் புக் பண்ணியாச்சு. இது பிளாக்மெயில்."

"மெயிலோ பஸ்ஸோ, இன்னாவோ சார். உள்ள போய்ட்டு வாங்க. மடிப்பு கலையாம தரேன்."

"யாருக்குப் போடச் சொல்ற?"

"அத்த நான் ஏன் சொல்றேன்? உங்க காரு மெதந்துச்சே, அது மட்டும் ஞாபகம் கீதா சார்?"

அவர் வரிசையில் போய் நின்றார். பத்து நிமிடத்தில் விரலை நீட்டிக்கொண்டு வந்தவர், அங்கேயே போனை எடுத்துக் குரூப்பில் ஒரு படம் போட்டார். அதன்பின் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள். நான்காவது மாடிக்காரர் ஒருவர் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு, "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதே," என்று கத்திவிட்டுப் போனார். சொன்னபடியே அவர் வீட்டிலிருந்து அப்புறம் ஒரு கைக்குட்டைகூட வரவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குள் எண்பத்தாறு விரல் பார்த்துவிட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தானும் போய் நின்றாள். பொத்தானை அமுக்கி, மெஷின் கூவியபோது, "ஒண்ணு" என்றாள். பூத் ஏஜென்ட் நிமிர்ந்து பார்த்தான்.

முனிரத்தினம் ஐம்பத்தெட்டு ஓட்டில் தோற்றார்.

தோற்றவர் சொல்லுக்கு இப்போது ஜேசிபி வரவில்லை. கிளியம்மாள் பழைய புங்கமரத்தடிக்கே வண்டியைக் கொண்டுவந்தாள். ஹரிபிரசாத் குடியிருப்பின் கேட்டுக்குள்ளேயே இடம் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டாள். வண்டிக்குக் கூரையாக, தெருவில் கிழிந்து கிடந்த முனிரத்தினத்தின் பிளெக்ஸ் பேனரைக் கட்டினாள். கைகூப்பிச் சிரிக்கிற முகம் உள்பக்கம் வரும்படி பார்த்துக் கட்டினாள். சரியாக அதன் கீழேதான் பெட்டிக்கு நெருப்புப் போடுவாள்.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு முனிரத்தினமே ஸ்கூட்டரில் வந்தார்.

"கயட்டு அத்த, கிளி."

"எதுக்குண்ணா? வெயிலுக்கு நல்லாக்கீது."

"போறவன் வரவன்லாம் சிரிக்கறான்."

"அன்னிக்கு உங்க வூட்டுக் கூடத்துல சிரிச்சாங்களே, அத்தினி பேரா?"

அவர் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தார். "ஏதோ உன்னாண்ட ஒரு ஓட்டுதான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுக்கு இவ்ளோவா?"

"தப்பா சொல்லலண்ணா. நான் போட்டது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து இன்னும் இரண்டு கொட்டாங்கச்சி போட்டு விசிறினாள். புகை நேராக மேலே ஏறியது. பேனர் முகத்தில் மோவாயும் கன்னமும் ஏற்கெனவே கறுத்துவிட்டன; பல்வரிசை மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது. அதையே பார்த்தபடி அவள் இன்னும் பலமாக விசிறினாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.